செக் இன்ஜின் லைட் எரியுதா? உடனே ஆக்சிஜன் சென்சாரை மாத்தாதீங்க!

2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 இரண்டாம் கட்ட விதிகள் அமலில் இருக்கின்றன. புதிய கார்கள் தங்கள் புகையை ஓடும்போதே கண்காணிக்க வேண்டும். டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தால், பல நேரம் பழி ஆக்சிஜன் சென்சார் மேல்தான்.

புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து ஈசியூவுக்குச் சொல்வது இதன் வேலை. அதை வைத்துதான் பெட்ரோல் அளவு கூடும், குறையும்.

ஸ்கேனரில் பி0171 வந்தால் 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று அர்த்தம். சென்சார் போச்சு என்று அல்ல! விரிசல் விட்ட வேக்யூம் ஹோஸ்கூட காரணமாகலாம். பி0135 என்றால் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சில வண்டிகளில் ஃபியூஸ் போனாலே இது வரும்.

எனவே, இன்ஜின் சூடானதும் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்க. வழக்கமான முன் சென்சாரில் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்கணும். அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். ஆனால், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரிதாக ஆடாமல் இருப்பதுதான் சரி. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றிவிடும் ஆபத்து உண்டு.

பழுது உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்தால் கன்வெர்ட்டரும் கெடும்; அதன் விலை சென்சாரைவிடப் பல மடங்கு.