பன்னிரண்டு நாள் அப்போஸ்தலர்கள்

பன்னிரண்டு நாள்ல ஒரு ஊருக்கு என்ன செய்ய முடியும்? சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதி, மீனாட்சியம்மன் கோவில் பார்த்து, ஜிகர்தண்டா குடிச்சு, கொடைக்கானலுக்கு ஒரு எட்டு போயிட்டுத் திரும்பலாம். ஆனா ஒரே கலர் டி-சர்ட் போட்டுக்கிட்டு வெளிநாட்டுச் சபைகள்ல இருந்து கூட்டமா வந்து இறங்குற வாலிபர்கள், அதே பன்னிரண்டு நாள்ல பள்ளிக்கூடத்தைப் புதுப்பிச்சு, ஏழைகளுக்கு ஊழியம் செஞ்சு, பிள்ளைங்க வாழ்க்கையையே மாத்திட்டுப் போயிடறாங்களாம். இதுக்குப் பேரு ஷார்ட் டேர்ம் மிஷன் ட்ரிப். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: இதுல ஊழியம் கம்மி, சுற்றுலா ஜாஸ்தி. ஒண்ணு நிறுத்தணும். இல்லைன்னா பேரையாவது மாத்தணும்.

அடிக்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இது மதமாற்றச் சண்டை இல்லை. அந்தக் குடுமிப்பிடிக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நான் பிறந்து வளர்ந்தது பசுமலை, சி.எஸ்.ஐ. குடும்பம். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், அறுப்பின் பண்டிகை ஏலம் (ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும்னு கேட்டா மயக்கம் வரும்!) எல்லாம் நம்ம ஏரியாதான். இப்போ பொட்டி தட்டுற பொழப்பு.

ரெண்டு வருஷம் ஆன்சைட்ல அமெரிக்காவுல இருந்தப்போ, பக்கத்து சீட் பையன் ஒரு கடிதாசி கொடுத்தான். அவங்க சபையிலிருந்து 14 பேர், 12 நாள், தென்னிந்தியா, தலைக்கு 3,000 டாலர், உங்களால் இயன்ற காணிக்கை தாருங்கள். எந்த ஊருடான்னு பார்த்தா, நம்ம மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம்! என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பெயின்ட், பிள்ளைங்களோட பாட்டு, விளையாட்டு, ஜெபம். தமிழ் தெரியுமா? தெரியாது. பெயின்ட் அடிக்கத் தெரியுமா? அதுவும் தெரியாது :) ரொம்ப நல்ல பையன், அதுல சந்தேகமே இல்லை. என் சண்டை அவன்கூட இல்லை, அவனை அனுப்புற ஏற்பாட்டோட.

கணக்குப் போடுவோம், நமக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானே. 14 பேர், 3,000 டாலர், மொத்தம் 42,000 டாலர். இன்னிக்கு ரேட்டுக்கு 35 லட்ச ரூபாய்க்கு மேல. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரை மாசம் 20,000 ரூபாய் சம்பளத்துல வெச்சா, 14 வருஷத்துக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிச்சு வெளியே வர்ற வரைக்கும் அந்த டீச்சர் அங்கேயே இருப்பாங்க. அதை விட்டுட்டு அந்தக் காசை விமானக் கம்பெனிக்குக் கொடுத்து ஒரு சுவரை மஞ்சளாக்குறோம்.

சுவர்னதும் ஞாபகம் வருது. எங்க பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பேரு வேணாம். அங்க ஒரே சுவரு மூணு வருஷம் தொடர்ந்து பெயின்ட் வாங்கிக்குச்சு. ஒவ்வொரு வருஷமும் வேற வேற குழு. அவங்க கிளம்பினப்புறம் லோக்கல் பெயின்டர் அண்ணன் ஒருத்தர் வந்து பட்டி பார்த்து, திட்டுத் திட்டா இருந்ததைச் சரி பண்ணுவார். "அவிங்க அடிக்காம விட்டாலே எனக்கு அரை நாள் வேலை மிச்சம் தம்பி"ன்னு சிரிச்சார். அந்த முழு வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தா ஒரு வாரக் கூலி கிடைச்சிருக்கும்.

இது பசுமலைக்காரன் புலம்பல்னு நினைக்காதீங்க. கர்ட் வெர் பீக்னு ஒரு சமூகவியல்காரர். அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவக் கல்லூரியோட பேராசிரியர், ஹோண்டுராஸ்லயே தங்கி வேலை செஞ்சவர். 1998ல் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டப்புறம், வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தாங்க. அதை அவர் ஆராய்ஞ்சார். உள்ளூர் ஆளுங்க 2,000 டாலர்ல கட்டுற ஒரு வீட்டுக்கு, இந்தக் குழுக்களுக்குப் பயணச் செலவெல்லாம் சேர்த்து சுமார் 30,000 டாலர் ஆச்சு. பதினஞ்சு மடங்கு! சரி, போனவங்க மனசாவது மாறிச்சா, அப்புறமா அதிகமா காணிக்கை கொடுத்தாங்களான்னு பார்த்தா, அதுவும் சொல்லிக்கிற மாதிரி இல்லை. "கொடுக்கிறவங்க மனசு மாறுதே, அது போதாதா"ன்னு கேக்குறவங்களுக்கு அவர் பதிலே போதும். நாம தனியா சண்டை போட வேண்டியதில்லை.

இப்போ பசுமலைக்கு வர்றேன். மதுரையிலிருந்து திருமங்கலம் ரோட்டுல போறவங்க எத்தனை பேருக்கு இந்த ஊர் கதை தெரியும்னு தெரியலை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834ல், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. வில்லியம் ட்ரேசி 1842ல் திருமங்கலத்தில் ஆரம்பித்த செமினரி 1845ல் பசுமலைக்கு வந்தது. இன்னிக்குக் கோரிப்பாளையத்துல கம்பீரமா நிக்கிற அமெரிக்கன் கல்லூரி, 1881ல் பசுமலையில் பிறந்து, 1904ல்தான் மதுரைக்குப் போச்சு. 1888ல் வந்த டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் முப்பது வருஷத்துக்கு மேல மதுரையில வைத்தியம் பார்த்தார். இதே மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர், 1913ல் வேலை தொடங்கிய தமிழ் லெக்சிகனுக்கு முதல் பதிப்பாசிரியர். நம்ம மொழிக்கே அகராதி போடுற அளவுக்குத் தமிழ் படிச்சிருக்கார் மனுஷன். ஸ்தோத்திரம், வணக்கம்னு ரெண்டு வார்த்தையோட நிறுத்தலை.

கொடைக்கானல் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மதுரைச் சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மிஷனரிக் குடும்பங்கள் சாக ஆரம்பிச்சப்போ, 1845ல் அவங்க மலை மேல போட்ட வீடுகள்தான் ஆரம்பம். ஊருக்குத் திரும்பிப் போறவனுக்கு மலை வீடு தேவையில்லை. இருக்க வந்தவங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

உடனே "துரைமார் புகழ் பாடுறான்யா"ன்னு கிளம்பாதீங்க. அவங்க காலனி ஆட்சியோட நிழல்ல வந்தவங்க. நம்ம ஆளுங்களைச் சின்னப் பிள்ளைங்க மாதிரி நடத்தினதும், நம்ம நம்பிக்கைகளைக் கேவலமா எழுதினதும் அவங்க புத்தகங்கள்லயே இருக்கு. அதுக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனா ஒண்ணு, அவங்க பண்ணின தப்புக்கு அவங்களே இங்க இருந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1840களின் கடைசியில், சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்று இந்த மிஷன் கறாராக நின்றபோது, உபதேசியார்களும் பசுமலை மாணவர்களும் பலர் வெளியேறினாங்க. அந்தச் சண்டை சரியா தப்பான்னு தனியாப் பேசலாம். ஆனா அடுத்த ஞாயிறும் அதே ஜனத்தோட முகத்துல முழிக்கணும்ங்கிற கட்டாயத்தோடதான் அவங்க சண்டை போட்டாங்க. பன்னிரண்டாம் நாள் ஃபிளைட் ஏறுறவனுக்கு இந்த ஊர்ல யார் தெருவுல யார் நுழைய முடியாதுன்னே தெரியாது. தெரியாமலே "எல்லாரும் சகோதரர்கள்"னு பிரசங்கம் பண்ணிட்டுப் போயிடுவான். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னமும் நம்ம ஜில்லாக்கள்ல இருக்கு சாமி!

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் கதை இன்னும் சுவாரசியம். 1925ல் இந்த மிஷனுக்கு வந்தவர், காந்தி பக்கம் சாய்ந்தார். வெள்ளைக்கார சர்க்கார் அவரை 1930லயும் 1944லயும் நாட்டைவிட்டு அனுப்பிச்சுது. ரெண்டு தடவையும் திரும்பி வந்தார். அப்புறம் காந்திகிராமம், சர்வோதயம்னு கடைசிவரைக்கும் நம்ம பக்கத்து கிராமங்களோடவே கிடந்தார். ஊழியம்னா இது. விசா முடிஞ்சு கிளம்புறதுக்கும், துரத்தினாலும் திரும்பி வர்றதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?

அடுத்து பிள்ளைங்க. இதுலதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. ஃபோட்டோவுல பார்த்திருப்பீங்க: நடுவுல சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, சுத்தி நம்ம பிள்ளைங்க. "இவங்ககிட்ட ஒண்ணுமே இல்லை, ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!"ன்னு கீழே ஒரு வரி. ஏன்யா, வகுப்பு இல்லை, கையில மிட்டாய், பலூன், எந்தப் பிள்ளைதான் சிரிக்காது? விடுதியில இருக்கிற பிள்ளைங்க நிலைமை இன்னும் மோசம். பத்து நாள் மடியில உட்கார வெச்சுக் கொஞ்சிட்டுப் போயிடறாங்க. அடுத்த மாசம் இன்னொரு அக்கா. ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போறதைப் பார்த்தே வளருது அந்தப் பிள்ளை.

கம்போடியாவுல இது எங்க போய் நின்னுச்சு தெரியுமா? 2005லிருந்து அஞ்சு வருஷத்துல அனாதை இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் கூடிச்சு. அங்க இருந்த பிள்ளைங்கள்ல நாலுக்கு மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்கன்னு 2011ல் யுனிசெஃப் சொல்லிச்சு. பார்க்க வர்றவங்களும் காசும் பெருகப் பெருக, 'அனாதை'களும் பெருகிட்டாங்க. நம்ம ஊர்ல 2004 சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு பெத்தவங்களை இழந்த பிள்ளைங்களைக் கண்டவங்க கையில கொடுக்காம, நாகப்பட்டினத்துல அன்னை சத்யா இல்லம் மாதிரி அரசு இல்லங்கள்ல, அவங்க ஊருக்குப் பக்கத்துலயே வளர்த்துச்சு. அரசாங்கத்தைப் பாராட்டுறது நமக்குப் பழக்கமில்லை, ஆனா அது சரியான முடிவு. அதே நாகப்பட்டினத்துல நல்ல மனசோட அனுப்பின பழைய துணிகள் ரோட்டோரம் மலை மலையா குவிஞ்சு வீணாப் போனதையும் பார்த்தோம். நல்ல மனசு மட்டும் இருந்தா இப்படித்தான் ஆகும்.

செலவு யார் தலையிலன்னு யோசிச்சிருக்கீங்களா? குழு வருதுன்னா உள்ளூர் போதகருக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தூக்கம் போச்சு. வெஸ்டர்ன் டாய்லெட், கேன் தண்ணி, காரமில்லாத சாப்பாடு, வேன், மொழிபெயர்க்க ஆள். வீடு வீடா போய் விசாரிக்க வேண்டிய மனுஷன் டூரிஸ்ட் கைடா அலையறார். டூரிஸ்ட் விசாவுல வந்து பிரசங்கம் பண்றது சட்டப்படி கூடாது. மாட்டினா வந்தவரைத் திருப்பி அனுப்புவாங்க, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கப் போறது நம்ம ஐயாதான். 2018ல் அந்தமான் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய்ச் செத்த ஜான் ஆலன் சாவ் கதை ஞாபகம் இருக்கா? அவர் ரெண்டு வாரப் பேர்வழி இல்லை, பல வருஷத் திட்டம் அவருடையது. ஆனா கைதானது, படகுல கொண்டுபோன மீனவர்கள் 5 பேரையும் சேர்த்து 7 உள்ளூர்க்காரங்க.

"அப்போ டாக்டருங்க கூட வரக் கூடாதா?" வரட்டுமே. அண்ணாநகர்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல், ஓய்வு பெற்றப்புறம், 11 படுக்கையோட ஆரம்பிச்சது. இன்னிக்குக் கண்புரை ஆபரேஷன் கத்துக்க உலகம் பூராவும் இருந்து டாக்டர்கள் அங்க வர்றாங்க. கவனிங்க, கத்துக்க வர்றாங்க. தமிழ் படிக்க வர்ற அமெரிக்க மாணவர்களும் மதுரையில உண்டு. கோடை முழுக்கத் தங்கி, காய்கறிக்காரம்மாகிட்ட பேரம் பேசித் தோத்து, மொழி கத்துக்கிட்டுப் போறாங்க. ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் ரெண்டு ரெண்டு வருஷமா தங்குற வழக்கமும் அமெரிக்கன் கல்லூரியில இருந்துச்சு. இவங்க யாரும் நம்மளைக் காப்பாத்த வந்தவங்க இல்லை. அதனாலயே நமக்கும் அவங்களுக்கும் உபயோகமாச்சு.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சதும் இல்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ். அசரியா, 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுலயே மேடை ஏறிச் சொல்லிட்டார்: நீங்க நிறையக் கொடுத்தீங்க, தியாகமும் பண்ணினீங்க, ஆனா எங்களுக்கு வேண்டியது நட்பு. சும்மா சொல்லலை. 1903ல் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சு, தெலுங்கு கத்துக்கிட்டு தோர்ணக்கல் போய், அங்கேயே இருந்து 1912ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர். நூறு வருஷம் தாண்டியாச்சு. பதில் இன்னும் டி-சர்ட்டுலதான் வருது.

நம்ம ஆளுங்களும் யோக்கியம் இல்லை. வேன் பிடிச்சு மலைக் கிராமத்துக்கு நாலு நாள் போய் துண்டுப் பிரதி கொடுத்துட்டு, வந்த ஞாயித்துக்கிழமையே சாட்சி சொல்ற சபைகள் இல்லையா? ஐ.டி. கம்பெனிகள் சி.எஸ்.ஆர். நாளைக்கு நம்மளை பஸ்ல ஏத்திட்டுப் போய், போன வருஷம் செடி நட்ட அதே குழியில இந்த வருஷமும் நட வைக்கலையா? நோய் ஒண்ணுதான், பாஸ்போர்ட்தான் வேற.

சரி, என்னதான் பண்றது? மூணே விஷயம். கொடுக்கணும்னா காசை அனுப்புங்க, வேலையை உள்ளூர் ஆள் செய்யட்டும். வரணும்னா ஒரே ஊருக்கு, பத்து வருஷம் தொடர்ந்து, தமிழ் படிச்சுட்டு, கேமரா இல்லாம வாங்க. ரெண்டும் முடியலைன்னா நேர்மையா டூரிஸ்டா வாங்க. மல்லிப்பூ வாங்குங்க, பரோட்டா சாப்பிடுங்க, ஆட்டோக்காரருக்குப் பேசின காசைக் கொடுங்க. அதுல நாலு குடும்பம் பிழைக்கும். பிள்ளைங்களை மட்டும் விட்டுடுங்க, அவங்களுக்கு ஸ்கூல் இருக்கு.