எண்ணினால் மட்டும் போதுமா?

"இச்சேர்மம் அரோமேட்டிக் தன்மை உடையதா?" என்று தேர்வில் கேட்டால் நாம் உடனே விரல் மடக்கத் தொடங்கிவிடுகிறோம். பை எலக்ட்ரான்கள் 2, 6, 10, 14, 18 என்ற வரிசையில் வந்தால் "ஆம்", வராவிட்டால் "இல்லை". மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வேதியியல் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

1931-ல் ஹக்கல் பென்சீனைக் குவாண்டம் கொள்கை கொண்டு ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது இவ்விதி. எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் உலவ வேண்டுமானால், வளையம் தட்டையாக இருக்க வேண்டும். பென்சீனோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இந்நிபந்தனையின் அருமை தெரிவதில்லை. பெரிய வளையங்களிடம் போனால்தான் தெரியும்.

பத்துக் கார்பன் அன்னுலீனை எடுத்துக்கொள்வோம். பை எலக்ட்ரான்கள் பத்து, கணக்கு சரி. ஆனால் ஒரு வடிவில் உட்புறம் நோக்கிய இரு ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. மற்றொரு வடிவில் பிணைப்புக் கோணங்கள் அளவுக்கு மீறி விரிய வேண்டியிருக்கிறது. எனவே வளையம் தட்டையாவதில்லை. அரோமேட்டிக் தன்மையும் வாய்ப்பதில்லை.

சோண்ட்ஹைமர் குழுவினர் 1959-ல் உருவாக்கிய பதினெட்டுக் கார்பன் அன்னுலீனிலோ உள்ளே இடம் தாராளம். காந்தப் புலத்தில் அதன் எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடுகின்றன. குளிர்நிலையில் எடுத்த அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில், வெளிப்புற ஹைட்ரஜன்கள் பன்னிரண்டும் 9-ஐ ஒட்டியும், உட்புற ஹைட்ரஜன்கள் ஆறும் சுழிக்குக் கீழே மைனஸ் 3-ஐ ஒட்டியும் தோன்றுகின்றன. ஒரே மூலக்கூறின் ஹைட்ரஜன்களுக்குள் இத்தனை இடைவெளி! இதுவல்லவா சான்று?

2020-ல் ஆக்ஸ்போர்டின் ஹாரி ஆண்டர்சன் குழுவினர், போர்பிரின்களைக் கோத்த வளையங்களில் 162 பை எலக்ட்ரான்கள் வரை இத்தன்மை உண்டு என்று அறிவித்தார்கள். அவர்களும் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை, நிறமாலையைத்தான் முன்வைத்தார்கள்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். "அரோமேட்டிக்கா, இல்லையா?" என்பதோடு "எப்படித் தெரியும்?" என்றும் எங்களைக் கேளுங்கள். நம்மைப் போன்ற கல்லூரிகளில் அந்த விலையுயர்ந்த கருவி இல்லாதிருக்கலாம். அச்சிட்ட நிறமாலைத் தாள் ஒன்றுக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

மாணவத் தோழர்களே! "வினா வந்தால் மதிப்பெண் குறையுமே" என்று அஞ்சாதீர்கள். விதியை ஒப்பிப்பவனுக்குப் பென்சீன் ஒன்றுதான் சொந்தம். விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சான்று கேட்பவனுக்கு, இனி உருவாகப்போகும் வளையங்களும் சொந்தம்.