நூற்றுக்கு நூறு வாங்கிய அக்கா

பிள்ளைகளே, ஆயுசெல்லாம் மார்க் போட்டவன் சொல்கிறேன். பக்கவாதம் வந்த என் அக்காவுக்கு, அன்றாட வேலைகளை அளக்கும் பார்த்தெல் அளவீட்டில் நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பினார்கள். பெருமாள்மலையில் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் சரிவில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அளவீடு 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. மொத்தம் 10 விஷயம். சமதரையில் நடப்பாயா, மாடிப்படி ஏறுவாயா என்று கேட்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவாயா என்று கேட்காது. இன்னொன்று ஆறு நிமிட நடைச் சோதனை. அதற்கு 30 மீட்டர் சமமான தாழ்வாரம் வேண்டும். ஏரி ரோட்டை விட்டால் நம்மூரில் எங்கே போவது?

கேள்வித்தாள் தப்பென்றால் பரீட்சை எழுதியவளையா குறை சொல்வது?

பிசியோதெரபி படித்தவர்களே, ஆய்வைச் சரிவில் நடத்துங்கள். அக்கா வீட்டிலேயே ஆரம்பிக்கலாம், காபி நான் போடுகிறேன்.