கிளப்பை விற்றார்கள், ஊரைக் கேட்டார்களா?

2018 டிசம்பரில் இங்கிலாந்தின் பெரி நகரக் கால்பந்து கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. விற்றவர் ஸ்டூவர்ட் டே, வாங்கியவர் ஸ்டீவ் டேல். 1885-ல் பிறந்த கிளப் அது. 1894 முதல் லீக்கில் ஆடிவந்தது. 1900, 1903 என்று இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1903 இறுதிப் போட்டியில் டார்பி அணியை 6-0 என்று வீழ்த்தியதை விடப் பெரிய வெற்றியை அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டியில் இன்றுவரை யாரும் பெறவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டிதான் அதைச் சமன் செய்தது. அடுத்த மூன்று மாதங்களில் பெரி கிளப் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது.

ஒரு பவுண்ட் என்றதும் யாரோ மலிவாக அள்ளிக்கொண்டு போனார் என்று நினைக்கக் கூடாது. கடன்கார கிளப்பின் பங்குகளை வாங்குகிறவர் அதன் கடனையும் சேர்த்தே வாங்குகிறார். பெரியின் மைதானமான கிக் லேன் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. மைதானத்தின் கார் நிறுத்துமிடங்களைக்கூடத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். இத்தனை சுமையோடு வரும் கிளப்பை ஒருவர் வாங்குகிறார் என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை நடத்த உங்களிடம் பணம் இருக்கிறதா, இருந்தால் காட்டுங்கள். அன்றைய லீக் விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. பங்குகள் முதலில் கைமாறலாம், காகிதங்கள் பிறகு வரலாம் என்பதுதான் அப்போதைய நடைமுறை. டேல் போதிய ஆதாரத்தைக் கடைசிவரை தரவில்லை என்று லீக் நிர்வாகமே பின்னால் சொன்னது. பெரியில் ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று டேல் பேட்டியில் சொன்னார். அப்படிப்பட்டவர் கையில்தான் நூறாண்டு கடந்த கிளப் போய்ச் சேர்ந்திருந்தது.

சம்பளம் நேரத்துக்கு வராத நிலையிலும் அந்த சீசனில் வீரர்கள் இரண்டாம் இடம் பிடித்து மேல் பிரிவுக்கு முன்னேறினார்கள். ஆனால் மேல் பிரிவில் அவர்களால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. பணத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஆகஸ்டில் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன. முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதானத்து வாசலின் மழைநீர்க் குழாயில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார். கடைசி நேரத்தில் ஒரு நிறுவனம் வாங்க முன்வந்தது. ஆகஸ்ட் 27 அன்று காலை, விற்பனை முடிந்துவிடும், வாரக் கடைசியில் ஆட்டம் நடக்கும் என்று நம்பிய ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேனைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். மாலை 5 மணிதான் கெடு. அதற்குச் சற்று முன்பு அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இரவு, வெளியேற்ற அறிவிப்பு வந்தது. 1992-ல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் போன பிறகு இப்படி லீக்கிலிருந்து மறைந்த முதல் கிளப் பெரி.

பெரிக்கு அடுத்த ஊரான போல்டனின் கிளப்பும் அதே நாளில் அதே கத்தி முனையில் நின்றது. அதற்கு 14 நாள் அவகாசம் கிடைத்தது, மறுநாளே விற்பனையும் முடிந்தது. ஒன்று பிழைத்தது, மற்றொன்று போனது. இரண்டு ஊர் மக்களுக்கும் இதில் எந்தக் கட்டத்திலும் ஒரு சொல் சொல்லும் உரிமை இல்லை.

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் கிளப் ஒரு கம்பெனி. அதன் விற்பனை, இரண்டு பேருக்கிடையே நடக்கும் பங்கு மாற்றம். முதலில் ஒரு ரகசிய ஒப்பந்தம், பிறகு கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தல், பிறகு விலைப் பேரம், லீக்கின் தகுதிச் சோதனை, கடைசியில் கையெழுத்து. இதில் எதுவும் வெளியே தெரியாது. மூன்று தலைமுறையாக சீசன் டிக்கெட் வாங்கும் குடும்பத்துக்கு, புது முதலாளி யார் என்பது செய்தி அறிக்கையில்தான் தெரியவரும். ஊரில் ஒரு கடை கைமாறினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகலாம். பெரி ரசிகர் மான்செஸ்டர் யுனைடெட் பக்கம் போய்விட மாட்டார்.

வாங்குகிறவரைச் சோதித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. விகன் கதையைப் பார்த்தால் அந்த நம்பிக்கையும் உடையும். 2020 ஜூன் தொடக்கத்தில் விகன் அத்லெடிக் கிளப் புதிய ஹாங்காங் உரிமையாளர்களிடம் போனது. லீக் சம்மதம் கொடுத்திருந்தது. ஜூலை 1 அன்று கிளப் திவால் நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தண்டனையாக 12 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அதே ஜூலையில் ஹல் சிட்டியை 8-0 என்று வென்ற அணி அது. பறித்த புள்ளிகள் இருந்திருந்தால் பட்டியலின் நடுப்பகுதியில் நிம்மதியாக முடித்திருக்கும். ஆனால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 75 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். தவறு செய்தது முதலாளி. தண்டனை வீரருக்கும் ரசிகருக்கும் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவருக்கும். இந்தத் தண்டனை முறையில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மோர்கேம் கதையோ தலைகீழ். அங்கே வாங்குகிறவர் தயார், லீக்கின் சம்மதமும் தயார், விற்கிறவர்தான் இழுத்தடித்தார். உரிமையாளர் ஜேசன் விட்டிங்காம், 2022-ல் திவாலான வூஸ்டர் வாரியர்ஸ் ரக்பி கிளப்பின் இணை உரிமையாளராகவும் இருந்தவர். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மோர்கேமும் விற்பனைக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடின. 2025 ஜூனில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு தகுதிச் சோதனையில் தேறியது. கையெழுத்து மட்டும் விழவில்லை. சம்பளம் நின்றது, ஜூலை 28 அன்று நேஷனல் லீக் அந்த கிளப்பை இடைநீக்கம் செய்தது. கடலோரச் சிற்றூர் ஒன்றின் மொத்தக் கோடைக்காலமும் ஒரு மனிதரின் பேனாவுக்காகக் காத்திருந்தே கழிந்தது. ஆகஸ்ட் 17 அன்றுதான் விற்பனை முடிந்தது. புதிய உரிமையாளர்கள் அஷ்வீர் சிங் ஜோகலை மேலாளராக அமர்த்தினார்கள். பிரிட்டனின் தொழில்முறைக் கால்பந்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் சீக்கியர் அவர். நல்ல முடிவுதான். ஆனால் விற்பவரை அசைக்க யாரிடமும் அதிகாரம் இல்லாததால், அது ஏறக்குறைய நடக்காமலே போயிருக்கும்.

இந்தச் சீரழிவில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு: கிளப்பிடமிருந்து பணம் வர வேண்டிய உள்ளூர்க்காரர்கள். கிளப் திவாலானால் வீரர்களின் சம்பளமும் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய தொகையும் முழுதாகத் தீர்க்கப்பட வேண்டும் என்பது கால்பந்து விதி. மீதி இருந்தால்தான் உணவு கொடுத்தவருக்கும் சட்டை தைத்தவருக்கும் அச்சகத்துக்கும். பெரியின் கடன் தீர்வுத் திட்டத்தில் இவர்களுக்குச் சொல்லப்பட்டது பவுண்டுக்கு 25 பென்ஸ். 2010-ல் போர்ட்ஸ்மத் கிளப் திவாலானபோது, ஆட்ட நாட்களில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புகூடக் பணம் வர வேண்டியவர்கள் பட்டியலில் நின்றது. பெரும்பணம் புழங்கும் விளையாட்டுக்கு இது அவமானம்.

போர்ட்ஸ்மத்தை வேறொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். 2009-10 என்ற ஒரே சீசனில் அந்த கிளப் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. அடுத்தடுத்து கீழே கீழே விழுந்து, நான்காம் பிரிவின் விளிம்புக்கு வந்த நேரத்தில், 2013 ஏப்ரலில் ரசிகர் அறக்கட்டளை பணம் திரட்டி கிளப்பை வாங்கியது. கடனை அடைத்தது, மறுபடி மேலே ஏற்றியது. 2017-ல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். அவர் போர்ட்ஸ்மத் நகர மண்டபத்துக்கு நேரில் வந்து, ரசிகர் முன்னால் நின்று, தன் திட்டத்தைச் சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் சம்மதித்த பிறகே ஆகஸ்டில் விற்பனை முடிந்தது. கோடீஸ்வரர் ஒருவர் ஊராரிடம் அனுமதி கேட்டு வந்தார், கொடுத்தார்கள், வாங்கினார். வானம் இடிந்து விழவில்லை. 2024-ல் போர்ட்ஸ்மத் மூன்றாம் பிரிவின் சாம்பியனாகி இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. விற்பனை இப்படித்தான் நடக்க வேண்டும். அன்று இது நடந்ததற்கு ஒரே காரணம், பங்குகள் ரசிகர் கையில் இருந்ததுதான். மற்ற ஊர்களுக்கு அதைச் சட்டம்தான் தர முடியும்.

இது இங்கிலாந்துக்காரர் பிரச்னை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1995-ல் பிரீமியர் லீக்கை வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2010 நவம்பரில் வாங்கியது புணேயின் வெங்கிஸ் கோழிப்பண்ணைக் குழுமம். 2012-ல் அணி முதல் பிரிவிலிருந்து விழுந்தது, 2017-ல் மூன்றாம் பிரிவுக்கே போனது. இத்தனைக்கும் வெங்கிஸ் குடும்பம் ஆண்டுதோறும் பணம் கொட்டியது. ஒரு கட்டத்தில் இந்தியாவிலிருந்து பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. லங்காஷயரின் ஒரு நகரத்துக் கிளப்பின் வரவு செலவு, ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வழக்கு விசாரணை நாளைப் பொறுத்திருந்தது. பணம் உள்ளவர் வாங்கினாலும் ஊர் இருட்டில்தான் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பெரியின் வீழ்ச்சியும் 2021-ல் பெரிய கிளப்புகள் தனி சூப்பர் லீக் தொடங்கப் போட்ட திட்டமும் சேர்ந்து அரசை அசைத்தன. டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு 2021 நவம்பரில் பரிந்துரை தந்தது. இழுபறிக்குப் பின் 2025 ஜூலை 21 அன்று கால்பந்து நிர்வாகச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. மோர்கேம் இடைநீக்கம் ஆவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. சட்டம் உருவாக்கிய சுதந்திர ஒழுங்காற்று ஆணையம் அப்போது முழுமையாக இயங்கத் தொடங்காததால் அந்த ஊருக்கு அது உதவவில்லை.

சட்டம் நல்ல சட்டம். புதிய உரிமையாளர் யாராக இருந்தாலும் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். தகுதியற்ற உரிமையாளரை வெளியேற்றும் அதிகாரமும் உண்டு. மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஆணையத்தைக் கேட்க வேண்டும். சட்டை நிறத்தையும் சின்னத்தையும் மாற்ற ரசிகர் பெரும்பான்மை வேண்டும். ஓட்டை எங்கே என்றால், சட்டை நிறத்துக்கு ரசிகர் சம்மதம் கேட்கும் சட்டம், கிளப்பையே விற்கும்போது அவர்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை. இன்னொன்று, மேலிருந்து ஐந்து பிரிவுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். இந்தச் சட்டத்துக்குக் காரணமான பெரி கிளப் இன்று அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

பெரி மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தனி அணி தொடங்கினார்கள். அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்ட் உதவியும் நன்கொடையும் சேர, 2022-ல் கிக் லேன் ரசிகர் கைக்கு வந்தது. அதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. புதிய அணியோடு சேர்வதா, பழைய பெயரையே தாங்கி நிற்பதா என்ற சண்டையில் நண்பர்கள் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். முதல் வாக்கெடுப்பு தோற்றது, 2023-ல்தான் இரு தரப்பும் ஒன்றானது. 2025 வசந்தத்தில் ஒன்பதாம் பிரிவுப் பட்டத்தை வென்ற நாளில் கிக் லேனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். ஆறு ஆண்டு இழப்பை அந்த ஒரு மாலை ஈடு செய்யாது, செய்யவும் முடியாது.

2025 அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 1867-ல் தொடங்கிய கிளப். இப்படி நெருக்கடியில் நடக்கும் விற்பனைகள் இனியும் வரும். எனவே ஒழுங்காற்று ஆணையம் இப்போதே விதி எழுத வேண்டும். வாங்குகிறவர் ஓர் ஆண்டுச் சம்பளத் தொகையையாவது ஆணையத்திடம் முன்பணமாகக் கட்டட்டும். பங்கு கைமாறுவதற்கு முன் ஊர்க் கூட்டத்தில் நேரில் நின்று பேசட்டும். வாங்குபவர் தேறிய பிறகும் விற்பவர் இழுத்தால், முப்பது நாளில் அறங்காவலர் ஒருவர் கையெழுத்திடட்டும். மைதானம் ரசிகர் அறக்கட்டளையின் சம்மதமின்றி எந்தக் கடனுக்கும் ஈடாகக் கூடாது. திவாலானால் உள்ளூர்க் கடைக்காரருக்கும் வீரருக்குச் சமமான இடம் வேண்டும். ஐந்தாம் பிரிவோடு பாதுகாப்பு நின்றுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனைக்கு ரசிகர் வாக்கு கட்டாயம் ஆகட்டும். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே பண்டெஸ்லிகா லீக் நன்றாகவே நடக்கிறது.

இங்கிலாந்தின் கிளப்புகளை நேசிக்கும் நம் ஊர் ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கிளப் கைமாறும் செய்தி வரும்போது, புது முதலாளி எந்த வீரரை வாங்கித் தருவார் என்பதை அப்புறம் கேளுங்கள். மைதானம் யார் பெயரில் இருக்கிறது, கடன் யாருக்கு, அந்த ஊர் மக்களிடம் கேட்டார்களா என்பதை முதலில் கேளுங்கள்.