பக்கீர்சாவுக்குக் கொடுப்பது பிச்சையா, கூலியா?

சென்ற நோன்புப் பெருநாளன்று ஆவடியில் ஒரு வீட்டு வாசலில் கண்ட காட்சி இது. ரமலான் இரவெல்லாம் தாயிரா தட்டி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடி, சஹருக்கு எழுப்பிய பக்கீர்சா வந்து நின்றார். வீட்டுக்காரர் பத்து ரூபாயை நீட்டி, "கைபேசியே எழுப்பிவிடுகிறதே, பாவா! இனி எதற்கு இந்தப் பிச்சை?" என்றார். பெரியவர் வாய் திறவாமல் நடந்தார்.

பிச்சையா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவர் பெறுவது கூலி. நம் தெருவில் இரவு விழித்து உழைப்பவர் பெறுவது மட்டும் பிச்சையோ?

'பக்கீர்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஏழை என்பது பொருள். அந்தப் பெயரே அவருக்குப் பகையாயிற்று. நைஜீரியாவில் ஹவுஸா மொழி பேசும் முஸ்லிம்களிடையேயும் இதே கதைதான். அமீர்களையும் செல்வர்களையும் புகழ்ந்து பாடும் பாணரை அவர்கள் 'மரோகி' என்பர். இரப்பவன் என்று பொருள். அந்த மரபில் வந்த டான் மராயா ஜோஸ் (1946–2015), மீன் தகர டப்பாவில் தோல் போர்த்திய 'குன்டிகி' என்னும் ஒற்றை நரம்புக் கருவியை மீட்டி, கூலியாட்களையும் வண்டி கிளீனர்களையும் புகழ்ந்து பாடினார், நாடறிந்த கலைஞரானார். இரப்பவன் என்ற பெயர் அவர் கலையைச் சிறுமைப்படுத்திவிடவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? 5,000க்கு மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைச் சீதக்காதி வள்ளல் ஆதரித்தார்; அவருக்குப்பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். அதைப் பிச்சை என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா?

"இந்தப் பாட்டும் தாயிராவும் மார்க்கத்திற்கு ஆகுமா?" என்று சிலர் கேட்கின்றனர். அதை ஆலிம்கள் ஆராயட்டும். ஆகாதென்பது உங்கள் முடிவானால், முதல் பிறைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதம் முழுதும் உழைக்கவிட்டுப் பெருநாள் காலையில் மார்க்கம் பேசுவது எந்த நியாயம்? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன பெருமானாரின் உம்மத்தல்லவா நாம்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கீர்சா பாட வேண்டுமென விரும்பினால், ஒரு தொகையை முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். பள்ளிவாசல் கணக்கில் 'தருமம்' என்றெழுதாமல் 'ஊதியம்' என்று எழுதுங்கள். பெருநாளன்று அவர் நம் வாசலுக்கு வரட்டும். கையேந்த அன்று, கைகொடுத்து முஸாபஹா செய்ய!