நிழலில் என்ன தீட்டு?

எங்கள் வங்கிக் கிளைக்கு மாதாமாதம் ஒரு அக்கா வருவார், மகளிர் உரிமைத் தொகை எடுக்க. கைரேகை எந்திரத்தில் விரலை வைப்பார். எந்திரம் ஏற்காது. முந்தானையில் துடைத்து வைப்பார். அப்பவும் ஏற்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தால் ஏதோ ஒன்று தேறும். ஒருநாள் அந்தக் கையைப் பார்த்தேன். ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முள் குத்தின புள்ளிகளும் காய்ப்பும்தான். "கருவ வெட்டுற கை தம்பி. ரேகைய அது எப்பவோ எடுத்துக்கிருச்சு" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சீமைக் கருவேலத்தை. வேலிக்காத்தான் என்றும் சொல்வோம். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் சேரிகளில் உலை கொதித்தது இந்த மரத்தால். விறகு வெட்டுவது, தூர் தோண்டுவது, கரிமூட்டம் போடுவது. அடுக்கின கட்டைமேல் மண் பூசி மூடித் தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். ராத்திரியும் காவல் இருக்கவேண்டும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தாலும் கரி சாம்பலாகிப் போகும். உடம்பைத் தின்கிற வேலைதான். ஆனால் நிலமில்லாதவர்களுக்கு, ஆதிக்கசாதி வீட்டு வாசலில் போய் நிற்காமல் கிடைத்த வேலை. 1957ஐ மறக்காதவர்களுக்கு அந்த மண்ணில் இதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மரத்தை 'அந்நிய மரம், மண்ணின் எதிரி' என்று ஒழிக்கக் கிளம்பினார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் நாட்டு மாட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது. அந்தச் சூட்டிலேயே நாட்டு மரம், நாட்டு விதை என்று பேச்சு பரவியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. கட்சிக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் அரிவாளோடு இறங்கினார்கள். சில மாதத்தில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு, அறிவியல்பூர்வமாக ஆராயாமல் வெட்டக்கூடாது என்று தடை போட்டது. 2022இல் அரசே அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது.

அன்றைக்குக் கைமாறிய துண்டறிக்கைகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் நினைத்துப் பாருங்கள். இந்த மரம் காற்றில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இதில் பறவை கூடு கட்டாது. இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும்.

நிழல் பட்டால் மலடாம்! தோழர்களே, இந்த வாக்கியத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் இல்லையா? நிழல் பட்டால் தீட்டு என்று சொல்லி நம் பாட்டன் பூட்டனைத் தெருவுக்குள் விடாத வாய் இது. ஆளைச் சொல்ல முடியாத காலத்தில் மரத்தைச் சொல்கிறது. எல்லா மரத்தின் இலையும் செய்கிற வேலையைத்தான் இதன் இலையும் செய்கிறது. இதில் குருவி கூடு கட்டுவதைப் பார்க்க ஆராய்ச்சி வேண்டாம், கண் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரம் தலித் இல்லை, நம்மை முள்ளோடு ஒப்பிடவும் நான் வரவில்லை. மரத்தைப் பற்றிப் பேசும்போது வெளிப்படுகிற மொழி யாருடையது என்பதுதான் என் கேள்வி. பூர்வீகம், அந்நியம், தூய்மை, கலப்பு, களையெடுப்பு. இந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் நாஜி ஜெர்மனியில், மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னக் காட்டுச் செடியை ஒழிக்கப் போர் தொடுக்கவேண்டும் என்று தாவரவியலாளர்கள் எழுதினார்கள். போல்ஷ்விசத்துக்கு எதிரான போரோடு அதை ஒப்பிட்டார்கள். மனிதர்களை எந்த மொழியில் கொன்றார்களோ அதே மொழியைச் செடிக்கும் பேசினார்கள். நாட்டுச் செடி நடுகிற எல்லோரும் பாசிஸ்டுகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மண்ணுக்குச் சொந்தமானது எது?' என்று ஒருவன் பேச ஆரம்பித்தால், சேரிக்காரன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, அந்நியம் எது? 1870களில் சென்னை மாகாண வனத்துறைக்காரர்கள் வறண்ட நிலத்தில் விறகுக்காக இந்த விதையை வரவழைத்தார்கள். மரத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மிளகாயின் பூர்வீகமும் அதே கண்டம்தான். போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா எல்லாமே அப்படி வந்தவைதான். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், அந்தக் காரம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் யோசியுங்கள். ஒரே மாவட்டத்தில், ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு செடிகள். ஒன்று மண்ணின் பெருமை, இன்னொன்று மண்ணின் எதிரி. வந்த வழி இரண்டுக்கும் கடல்தான். வித்தியாசம் வளர்கிற இடத்தில் இருக்கிறது. ஒன்று பட்டா நிலத்தில் காய்க்கிறது. மற்றது புறம்போக்கில், தரிசில், கேட்பாரற்ற இடத்தில் முளைக்கிறது. ஒன்றுக்குச் சந்தையும் சங்கமும் இருக்கின்றன. மற்றதை வெட்டி வாழ்கிறவர்களுக்குக் கையில் ரேகைகூட இல்லை.

விஞ்ஞானிகளுக்குள்ளும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2011இல் 'நேச்சர்' இதழில் மார்க் டேவிஸும் இன்னும் 18 பேரும், ஓர் உயிரினத்தை அதன் பிறப்பிடத்தை வைத்துத் தீர்ப்பிடாதீர்கள், அது என்ன செய்கிறது என்று பாருங்கள் என்று எழுதினார்கள். 141 விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். வெளியிலிருந்து வந்தவற்றில் சில பெரிய நாசம் செய்கின்றன, ஆரம்பத்திலேயே தடுக்காவிட்டால் பிறகு முடியாது என்பது அவர்கள் பக்க வாதம். அதில் நியாயம் இருக்கிறது. நாமும் நேர்மையாகப் பேசுவோம். சீமைக் கருவை கண்மாய்க்குள் அடைத்துக்கொள்கிறது. வரத்துக்காலில் நின்று தண்ணீரை மறிக்கிறது. தன்கீழ் புல்லை வளரவிடுவதில்லை. ஆடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைக்கிறது. ஆழமாக வேர் விட்டு நீர் குடிக்கிறது. அங்கெல்லாம் எடுக்கத்தான் வேண்டும். அது என்ன செய்கிறது என்பதற்காக எடுக்கலாம். எங்கே பிறந்தது என்பதற்காக இல்லை. பிறப்பை வைத்துத் தண்டிக்கிற சட்டத்தை நாம் எந்த உயிருக்கும் ஒப்புக்கொள்ள முடியாது.

மரத்தைக் கூண்டில் ஏற்றியதில் தப்பித்தவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டும். கண்மாயை ஆக்கிரமித்தவர்கள் தப்பித்தார்கள். ஆற்றில் மணல் அள்ளியவர்கள் தப்பித்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு அடித்தண்ணீரை உறிஞ்சியவர்கள் தப்பித்தார்கள். கண்மாயைத் தூர்வாராமல் விட்ட அரசும் தப்பித்தது. பல இடங்களில் தண்ணீர் போன பிறகுதான் கருவை வந்தது. தண்ணீர் போனதற்கே கருவைதான் காரணம் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் வசதி.

அடுத்தது நிலம். கண்மாய் மரங்களை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுக்கிறவர் ஒப்பந்தக்காரர். வெட்டுகிறவர்களுக்குக் கூலி. வெட்டி முடித்தால் அந்தக் கூலியும் இல்லை. சுத்தம் செய்த புறம்போக்கு யார் கைக்குப் போகும்? 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்கின்றன. அது யார் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். முள் இருக்கிறவரை யாருக்கும் வேண்டாத நிலம், முள் போனதும் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடும். அப்போது வேலிக்காத்தானுக்குப் பதில் கம்பிவேலி வரும்.

சூழலியல் பேசுகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிவாளோடு இறங்கும் முன் கிராமசபையில் மூன்று விஷயம் கேளுங்கள். வெட்டுகிற மரம் ஏலத்துக்குப் போகாமல் வெட்டுகிறவர்களுக்கே சேருமா? அடுத்த வருஷம் அவர்களுக்கு என்ன வேலை? சுத்தமான நிலம் நிலமில்லாதவர்கள் பெயரில், அதுவும் பெண்கள் பெயரில், பட்டாவாகுமா? இதற்குப் பதில் இல்லாத பசுமை யாருடைய பசுமை?

போன மாதம் அந்த அக்கா வந்தபோது, "கருவைய மொத்தமா ஒழிக்கணும்னு சொல்றாங்களே, என்னக்கா நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். விரலை எந்திரத்தில் வைத்தபடியே சொன்னார்:

"ஒழிக்கட்டும் தம்பி. முள்ளுன்னா எனக்கு மட்டும் ஆசையா? ஒழிச்ச எடத்த யாருக்குக் குடுப்பாக?"