பாட்டும் பொதுக்கடமையும்

மக்கள் பாடும் பாட்டு காலந்தோறும் மாறுவதைக் குற்றமெனக் கொள்வது முறையாகாது. பாட்டைச் சுமந்துவரும் கருவி மாறும்போது பாட்டின் உடலும் மாறுகிறது; அதனைக் கேட்போர் அமரும் இடமும், கேட்கும் பொழுதும், உடனிருந்து கேட்போர் யார் என்பதும் அதனோடு மாறிவிடுகின்றன. ஆதலால், பழம்பாட்டு உயர்ந்ததா புதுப்பாட்டு தாழ்ந்ததா என்று தலைமுறைதோறும் நடந்துவரும் வழக்கில் தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை. இம்மாற்றங்கள் நேர்ந்தபோதெல்லாம், மக்களின் வரிப்பணத்தால் நடக்கும் நிறுவனங்கள் மக்களின் செவிக்குச் செய்யவேண்டியதைச் செய்தனவா என்ற வினாவே நம் முன் நிற்கிறது.

இவ்வினாவை எழுப்ப ஆகுர்டியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. புனே நகரை அடுத்து, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்த அவ்வூரை நாடறிந்தது பஜாஜ் ஆலையால். இரும்பையும் எந்திரத்தையும் நம்பி அத்தொழில் வட்டாரத்தில் குடியேறியவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் ஆலைக்கு முன்பிருந்தே அவ்வூருக்கு ஒரு பாட்டு உண்டு. தேகூவிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும், மராத்தியப் பக்திக் கவிஞர் துக்காராமரின் பல்லக்கு, தேகூவை நீங்கியதும் முதலில் தங்குவது ஆகுர்டி விட்டல் கோயிலில்தான். பதினேழாம் நூற்றாண்டில் அவர் பாடிய அபங்கங்கள் என்னும் பக்திப் பாடல்களை உழவரும் தொழிலாளரும் கைத்தாளத்தோடு நடந்தபடியே பாடிவருகின்றனர். அங்கே பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்ற பிரிவினை இல்லை. மராட்டியர் ஆண்ட தஞ்சையின் வழியாக அதே அபங்கங்கள் நம் பஜனை மடங்களிலும் குடிகொண்டமையால், காவிரிக்கரையிலிருந்து வந்த ஒருவர் அந்த ஊர்வலத்தின் ஓரத்தில் நின்றால், அறியாத மொழியில் அறிந்த பாட்டைக் கேட்பவராகிறார்.

பாடுவோரையும் கேட்போரையும் முதலில் பிரித்தது இசைத்தட்டு. தட்டின் ஒரு பக்கம் சுழலும் மூன்று மணித்துளிச் சொச்சத்துக்குள் அடங்கவேண்டும் என்ற கட்டாயம், பாட்டின் அளவையே வரையறுத்தது. ஐம்பது பாடல்கள்வரை நிறைந்திருந்த தொடக்ககாலப் பேசும்படங்கள் மெல்ல மெல்லப் பாடல்களைக் குறைத்து, எஞ்சியவற்றைச் செறிவாக்கிக்கொண்டன. இந்த வரலாற்றிலும் புனேக்குப் பங்குண்டு. கோலாப்பூரில் தோன்றி 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் நிறுவனமே, பாபநாசம் சிவன் முதன்முதலாக இசையமைத்த ‘சீதா கல்யாணம்’ என்னும் தமிழ்ப் படத்தை 1934இல் அளித்தது. இரண்டாண்டுக்குப் பின் ‘சந்த் துக்காராம்’ படத்தால் அபங்கத்தை வெள்ளித்திரையில் ஏற்றியதும் அதுவே. தமிழ்த் திரைப்பாடலின் வேர்களுள் ஒன்று மராத்திய மண்ணைத் தொட்டு நிற்கிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

திரைப்பாடல் வீட்டுக்குள் நுழைய வானொலி வேண்டியிருந்தது. அங்கேதான் அரசின் கடமையுணர்வு தவறான வழியில் திரும்பியது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறையின் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையின்பால் கொண்ட உண்மையான அக்கறையாலேயே, திரைப்பாடலை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்க முற்பட்டார். அவருடைய நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. மக்களின் சுவையை உயர்த்துவதும் அரசின் பணிகளுள் ஒன்றென அவர் நம்பியது பிழையுமன்று. ஆயினும், விரும்பிய பாட்டை மறுக்கப்பட்ட மக்கள் செவ்வியல் இசையை நாடிச் செல்லாமல், கடல்கடந்து வந்த இலங்கை வானொலியின் சிற்றலைக்குத் தம் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். அதன் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்தின் தெருக்களில் பெற்ற செல்வாக்கை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3ஆம் நாள், திரைப்பாடலுக்கும் இடமளிக்கும் விவித பாரதியை அரசே தொடங்கவேண்டியதாயிற்று. தடையால் சுவை உயராது என்பதற்கு இதனினும் தெளிவான முன்னிகழ்வு நமக்குத் தேவையில்லை.

அந்த ஐந்தாண்டுகளுக்குள்ளேயே, அதே அரசின் அதே வானொலி, வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. புனே வானொலி நிலையத்தின் அலுவலர் சீதாகாந்த் லாட், புராணக் கதையொன்றை வாரந்தோறும் பாட்டாகத் தரவேண்டுமென்று கவிஞர் க. தி. மாட்கூள்கரைக் கேட்டார். மாட்கூள்கர் திரைக்கதையும் திரைப்பாடலும் எழுதி வாழ்ந்தவர்; இசையமைத்த சுதீர் பட்கேயோ பிரபாத் நிறுவனத்திலேயே பணியாற்றிய திரையிசையமைப்பாளர். திரைப்பாடலுக்குக் கதவடைத்த வானொலி, அப்பாடலை ஆக்கிய கைகளையே அழைத்து வேறொரு பணியை ஒப்படைத்தது. 1955 ஏப்ரல் முதல்நாள், இராம நவமியன்று, ‘கீத ராமாயணம்’ தொடங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு புதிய பாடல். சனியும் ஞாயிறும் அதே பாடல் மீண்டும். ஓராண்டுக்கு 52 பாடல்கள் என்ற திட்டம், சந்திரமான நாட்காட்டியில் இடைச்சேர்க்கையாக வரும் ‘அதிக மாதம்’ அவ்வாண்டில் வந்தமையால் 56 ஆயிற்று. மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே முதலிய தேர்ந்த குரல்கள் அதிற்பாடின. இராகங்கள் செவ்வியல் மரபின. சொற்களோ அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் விளங்குபவை. ஒலிபரப்பு நேரத்தில் வானொலிப் பெட்டிக்கே மாலையிட்டு வணங்கினர் என்பது அங்குள்ள முதியோர் இன்றும் சொல்லும் செய்தி.

எளிமையும் உயர்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்த 56 வாரங்கள் நிறுவின. அதனைச் சாத்தியமாக்கியது தடையாணையன்று. ஒரு நிலையம், ஒரு கவிஞரிடமும் ஓர் இசையமைப்பாளரிடமும் வேலையை ஒப்படைத்து, ஓராண்டு முழுதும் பொறுமையோடு உடன்நின்ற செயல்.

பின்வந்த மாற்றங்களைச் சுருங்கவே கூறலாம். ஒலிநாடா பாட்டை மலிவாக்கித் தேநீர்க் கடைக்கும் பேருந்துக்கும் கொண்டு சேர்த்தது. 1976இல் ‘அன்னக்கிளி’யும் 1992இல் ‘ரோஜா’வும் தமிழ்ச் செவியின் பழக்கத்தையே திருத்தியமைத்தன. இன்று பாட்டு கைப்பேசிக்குள் சுருங்கிவிட்டது. அடுத்து எதைக் கேட்பதென முடிவுசெய்வது நிலைய அலுவலரும் அல்லர், கேட்பவரும் அல்லர். முன்பு கேட்டதை வைத்துக் கணக்கிடும் பொறி. ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் தந்தையும் மகளும் தனித்தனிச் செவிப்பொறிகளில் தனித்தனிப் பாட்டைக் கேட்கின்றனர். வெளியிலோ, பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் விதிகள் வகுத்த எல்லையைக் கடந்து முழங்கும் ஒலிபெருக்கிகள். தனியொருவர் செவிக்குள் அடங்குவதும் ஊரையே செவிடாக்குவதுமாகப் பாட்டு இரண்டாகப் பிளந்து கிடக்க, நடுவில் பலர் கூடிக் கேட்ட அந்த முற்றம் ஆளற்றுப் போயிற்று.

ஆகுர்டியின் தமிழருக்கு இது கூடுதலான இழப்பு. பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளைக்குத் தாய்மொழி பெரும்பாலும் பாட்டின் வழியாகவே வந்து சேர்கிறது. வீட்டில் ஒலித்த பாட்டைத் தற்செயலாகக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு தலைமுறை சொற்களைப் பெற்றது. செவிப்பொறி அந்தத் தற்செயலைப் பறித்துவிட்டது. பெற்றோரைக் குறைகூறி இதனைச் சீர்செய்ய இயலாது.

ஆகவே, பொது நிறுவனங்களை நோக்கியே நம் கோரிக்கை செல்கிறது. மாட்கூள்கரின் பெயர் தாங்கிய நாடக அரங்கொன்றை பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி அவ்வட்டாரத்திலேயே எழுப்பியுள்ளது. பெயரை ஏற்ற அரங்கம் அவருடைய பணியையும் ஏற்கவேண்டும். வாடகைக்குத் திறந்துவிடுவதோடு நில்லாமல், ஆண்டுக்கொரு பாடல் தொடரை உரிய ஊதியம் அளித்து எழுதச் சொல்லலாம். ஆலைகளை நம்பி வந்தவர்களின் வாழ்வே அதன் பொருளாகலாம். மராத்தியிலும் தமிழிலும் அது பாடப்படலாம். அதனை வாரந்தோறும் ஒலிபரப்பும் பொறுப்பைப் புனே வானொலி ஏற்கலாம். ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு அதே பாடல்களை மேடையில் பாடச்செய்யும் பொறுப்பைத் தமிழ் அமைப்புகள் ஏற்கலாம். 1955இல் ஓர் அலுவலர் கேட்டார், ஒரு கவிஞர் இசைந்தார். இன்று கேட்பதற்கு உரிய அதிகாரம் உடையவர்கள், அடுத்த ஆனியில் துக்காராமரின் பல்லக்கு ஆகுர்டிக்கு வந்து இறங்குமுன் முதற்பாடலுக்கான பணியை ஒப்படைக்க வேண்டும்.